விழிக்க மறுக்கும் கணிப்பொறி



பொத்தானை அழுத்துகிறோம். பெட்டிக்குள் விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. ஆயினும் திரை இருண்டே கிடக்கிறது. அல்லது, கரிய திரையில் வெள்ளெழுத்துக்களாக ஏதோ ஓர் ஆங்கில வாசகம் தோன்றி, அதற்கப்பால் ஒன்றும் நிகழாமல் நின்றுவிடுகிறது. அல்லது, எல்லாம் வழக்கம்போல் நடந்தேறி, கடவுச்சொல் கேட்கும் இடம் வந்ததும், பல்லாண்டுகளாக நாம் தட்டிவரும் அதே சொல்லைத் தவறென்று கூறி நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வீட்டில் பழைய கணிப்பொறி வைத்திருப்போர் இம்மூன்றில் ஒன்றையேனும் கண்டிருப்பர். அவ்வேளையில் நம் நெஞ்சை அழுத்துவது யந்திரத்தின் விலையன்று. பழைய பெட்டிக்குச் சந்தையில் என்ன கிடைக்கும் என்பது நாம் அறிந்ததே. அதனுள் இருக்கும் கடிதங்கள், புகைப்படங்கள், ஓய்வூதியத் தாள்கள், நிலப் பத்திரத்தின் நகல்கள் ஆகியவை என்னவாகும் என்பதே கவலை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பூட்டுத் துருப்பிடித்துத் திறவாமற் போனால், பெட்டிக்குள் இருந்த நகை தொலைந்துவிட்டதென்று எவரும் கருதுவதில்லை. கணிப்பொறி தொடங்காவிட்டால் மட்டும் உள்ளிருப்பவை யாவும் போயினவென்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையினால், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொல்லும்போது தலையசைத்தும் விடுகிறோம். பல இல்லங்களில் தகவல்கள் அழிவது பழுதினால் அன்று, இந்தத் தலையசைப்பினால்தான்.

கணிப்பொறி தொடங்குவது ஒரே செயல்போலத் தோன்றினும், உண்மையில் அது ஒரு தொடர் ஓட்டம். முதலில் மின்சாரம் வந்து சேர்கிறது. பிறகு, மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள 'பயாஸ்' என்ற சிறு நிரல் விழித்துக்கொண்டு, நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, திரை உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. சோதனை முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைத் தேடி, அங்குள்ள விண்டோஸ் முதலிய இயக்க அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அது தன்னைத் தானே விரித்துக்கொண்டு, இறுதியில் "நீ யார்?" என்று நம்மைக் கேட்கிறது. தொடங்குதலை ஆங்கிலத்தில் 'பூட்' என்பர். தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் ஒருவனைப் பற்றிய வேடிக்கைப் பேச்சிலிருந்து வந்த சொல் அது. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்ட காலந்தொட்டு, இந்த வரிசை பெரிதும் மாறவில்லை. ஆதலின், ஓட்டம் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கண்டுகொண்டால், பழுது எங்கே இல்லை என்பதாவது தெளிவாகிவிடும். திரையில் ஏதேனும் ஓர் எழுத்து வந்ததென்றால், மின்சாரத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. கடவுச்சொல் கேட்கிறதென்றால், ஹார்ட் டிஸ்க் அந்த அளவுக்கேனும் ஓடுகிறது என்பது பொருள்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்வதற்கில்லை. நீட்டிப்புப் பலகையின் துளைகள் தளர்ந்திருக்கும், யு.பி.எஸ்.ஸின் மின்கலம் ஓய்ந்திருக்கும்; பெட்டியின் பின்புறம் உள்ள சிறு சுவிட்சை வீட்டைத் துடைத்தவர் அறியாமல் அணைத்திருப்பார். சுவரில் உள்ள துளையில் நேராகச் செருகிப் பார்ப்பது முதற் சோதனை. மடிக்கணிப்பொறியாயின், சார்ஜரைப் பிடுங்கி, கழற்றத்தக்க மின்கலமாயின் அதனையும் கழற்றி, தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்துப் பார்க்கலாம். எஞ்சி நின்ற மின்சாரம் வடிந்து, யந்திரம் விழித்துக்கொள்வதுண்டு. தனித் திரைப்பலகை பொருத்திய பெட்டிகளில் மானிட்டர் கம்பிக்குப் பின்புறம் இரண்டு வாய்கள் இருக்கும். தவறான வாயில் செருகிவிட்டுத் திரை கெட்டதென்று வருந்தியவர்களை நாம் கண்டிருக்கிறோம். மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு விளைவிக்கத்தக்க மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், செவியைக் கூர்மையாக்க வேண்டும். சோதனை நன்கு முடிந்ததற்கு அடையாளமாக, ஒலிபெருக்கி பொருத்திய பழைய பெட்டிகளிற் பல 'பீப்' என்று ஒருமுறை குறுகக் கூவும். அவ்வாறின்றி விட்டுவிட்டு நீளக் கூவினால், ஏதோ ஓர் உறுப்பு பதில் சொல்லவில்லை என்று பொருள். எத்தனை முறை கூவினால் எந்த உறுப்பு என்பது பயாஸ் செய்தவரைப் பொறுத்து மாறும்; யந்திரத்தோடு வந்த கையேட்டில் அதற்கு ஓர் அட்டவணை இருக்கும். மிகுதியாகக் குற்றவாளியாவது 'ராம்' என்னும் நினைவகப் பட்டை. கடற்கரை நகரங்களில் ஈரக்காற்றும், வடக்கே புழுதிக்காற்றும் அதன் பொன்னிறப் பற்களை மங்கச் செய்கின்றன. மின்னிணைப்பைப் பிடுங்கி, தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு, இருமுனைக் கவ்விகளையும் விலக்கிப் பட்டையை எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் தில்லி போன்ற இடங்களில் கம்பளிச் சட்டையோடு இவ்வேலையைச் செய்தல் ஆகாது. நம் விரல் நுனியில் தெறிக்கும் சிறு மின்பொறியே பட்டையைக் கொன்றுவிடும். பற்களை எழுதுகோல் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை நன்றாகத் துடைத்து, கவ்விகள் 'கிளிக்' என்று பற்றுமாறு அழுத்திப் பொருத்தினால், செத்ததென்று கருதிய கணிப்பொறி எழுந்து உட்காருவதுண்டு. இரண்டு பட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தால் எது கெட்டது என்பது விளங்கும். பெட்டி திறந்திருக்கும்போதே தாய்ப்பலகையின் மீதுள்ள சிறு உருளைகளையும் நோக்குக. அவற்றின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். உப்பியோ, பழுப்புநிறக் கசிவோடோ காணப்பட்டால், பலகையையே பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட பலகைகளில் இக்குறை உலகெங்கும் காணப்பட்டது.

இனி, நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். இவ்வுரைக்குக் காரணமே அதுதான்.

2011ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று நம் தந்தையாரின் அறையில் இருந்தது. 2018இல் அவர் காலமானார். அதன்பின் இணைப்பைப் பிடுங்கித் துணியால் மூடிவைத்தோம். பல திங்கள் கழித்து, நிலம் பற்றிய ஒரு தாள் தேவைப்பட்டு, 2019இல் அதனைத் தொடக்கினோம். விசை ஒன்றை அழுத்தச் சொல்லி ஒரு வாசகம் வந்தது; அழுத்தினோம். விண்டோஸ் 7இன் சின்னம் மெல்லத் தோன்றியது. அடுத்த கணம் நீலத்திரை ஒன்று மின்னி மறைந்து, யந்திரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. இவ்வாறே சுற்றிச் சுற்றி வந்தது. அருகிலிருந்த பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு சென்றோம். கடைக்காரர் ஐந்து நிமிடம் நோக்கிவிட்டு, "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் போட்டுடலாம், சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்றார். உள்ளிருக்கும் கோப்புகள் என்னவாகும் என்று வினவினோம். "அதெல்லாம் வராது" என்றார். பெட்டியை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டோம். அன்று நமக்கு அறிவிருந்ததென்று சொல்லிக்கொள்வதற்கில்லை. மனம் வரவில்லை, அவ்வளவே.

வீட்டில் மீண்டும் தொடக்கி, பயாஸ் அமைப்புக்குள் சென்று பார்த்தோம். பல மேசைக் கணிப்பொறிகளில் தொடக்கத்திலேயே 'டிலீட்' விசையைத் தட்டினால் அங்கே போகலாம். சிலவற்றில் எஃப்2 விசை. அங்கே தேதி 2009ஆம் ஆண்டு ஜனவரி 1 என்றிருந்தது. யந்திரம் செய்யப்படுவதற்கு முந்திய தேதி! அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டமான மின்கலம் ஒன்று உண்டு. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் எண் கொண்டது. 3 வோல்ட் தருவது. வெளி மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவதும், பயாஸில் நாம் இட்ட அமைப்புகளை மறவாமல் வைத்திருப்பதும் அதன் பணி. சுவர்ச் சுவிட்ச் போடப்பட்டிருக்கும்வரை அதற்கு வேலை அதிகமில்லை. சிக்கனம் கருதி இரவுதோறும் சுவிட்சை அணைக்கும் நம் வழக்கத்தினாலும், மாதக்கணக்கில் இணைப்பைப் பிடுங்கி வைப்பதனாலும் அது விரைவில் ஓய்ந்துவிடுகிறது.

ஓய்ந்தால் தேதி மட்டுமா மறக்கும்? ஹார்ட் டிஸ்கோடு எம்முறையில் பேசுவது என்னும் அமைப்பும் மறந்துபோகும். அக்காலத்துப் பலகைகளில் 'ஐ.டி.இ.' என்றும் 'ஏ.எச்.சி.ஐ.' என்றும் இரண்டு முறைகள் இருந்தன. ஒரு முறையில் பதியப்பட்ட விண்டோஸ், மற்றொரு முறையில் பேசினால் தன் டிஸ்கைத் தானே காணாமல் தவித்து நீலத்திரை காட்டும். நம் யந்திரத்தில் நிகழ்ந்தது இதுவே. புதிய மின்கலம் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அதன் விலை சில பத்து ரூபாய்கள். தேதியைத் திருத்தினோம்; முறையை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றினோம். கடவுச்சொல் கேட்கும் திரை அமைதியாக வந்து நின்றது. இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. கடையில் அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால், விண்டோஸ் அந்த மறந்துபோன முறையிலேயே பதிந்து, யந்திரமும் நன்றாக ஓடியிருக்கும். "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று கடைக்காரரும் சொல்லியிருப்பார், நாமும் நம்பியிருப்போம். இவ்வமைப்பை மாற்றிப் பார்ப்பதனால் மட்டும் கோப்புகள் அழிவதில்லை. பொருந்தாவிட்டால் பழையபடியே வைத்துவிடலாம். 'ரெய்ட்' என்றொரு மூன்றாம் முறை அங்கே காணப்பட்டால், அதனை அறியாதோர் தொடாதிருத்தல் நலம்.

தேதி பிழைபட்டால் வேறொரு தொல்லையும் உண்டு. யந்திரம் தொடங்கிவிடும், ஆனால் வங்கிப் பக்கமோ மின்னஞ்சல் பக்கமோ திறவாது. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அது இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று குறிக்கப்பட்டிருக்கும். 2009ஆம் ஆண்டில் வாழும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. ஆதலின் ஏற்க மறுக்கிறது. இணையத்தைக் குறைகூறுமுன் திரையின் மூலையில் உள்ள தேதியை நோக்குக.

பயாஸ் டிஸ்கையே காணவில்லை என்றாலோ, 'என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்' என்றோ, 'பூட் எம்.ஜி.ஆர். இஸ் மிஸ்ஸிங்' என்றோ வந்தாலோ, முதலில் செருகியிருக்கும் பென்டிரைவைப் பிடுங்குக. சிரிப்புக்குரியதாகத் தோன்றும், ஆனால் யந்திரம் அதனை ஹார்ட் டிஸ்கென்று எண்ணி அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும். அடுத்து, டிஸ்கின் கம்பிகளைக் கழற்றி மீண்டும் செருகிப் பார்க்கலாம். அதற்கு முன் டிஸ்கின் ஓசையைக் கேட்க வேண்டும். சீரான மெல்லிய சுழலோசை நல்லது. 'டிக், டிக்' என்று தட்டும் ஓசை கேட்டால், அக்கணமே யந்திரத்தை அணைத்துவிடுக. உள்ளே படிக்கும் முனை இடம் தெரியாமல் மோதுகிறது. மறுபடி மறுபடி தொடக்கும் ஒவ்வொரு முறையும் மீட்கக்கூடியதன் அளவு குறைகிறது. அதற்கு மேல் அது தகவல் மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் வேலை. செலவு மிகுதி, வெற்றியும் உறுதியன்று.

டிஸ்க் நன்றாயிருந்தும் விண்டோஸ் பாதியில் நின்றால், அதற்கென்று உள்ள பழுதுநீக்கத் திரைக்குப் போகலாம். விண்டோஸ் 7 வரையில், தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டினால் அது வரும். விண்டோஸ் 10இல் அவ்விசை இயல்பாக வேலை செய்வதில்லை; தொடக்கம் அடுத்தடுத்துத் தடைப்பட்டால் அத்திரை தானே தோன்றும். அங்கே காணும் சொற்களின் வேறுபாட்டை அறிந்திருத்தல் உயிர்நாடி. 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' என்பது தொடக்கக் கோப்புகளைச் சீர்செய்வது. நம் கடிதங்களைத் தொடாது. 'சேஃப் மோட்' என்பது குறைந்த உறுப்புகளோடு தொடங்கிப் பார்ப்பது. அதில் ஓடினால், அண்மையில் சேர்த்த ஏதோ ஒரு மென்பொருளோ இயக்கியோதான் குற்றவாளி. 'ரீசெட்' என்பது வேறு. அதிலே 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாம் போய்விடும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் கோப்புகள் இருக்கும். ஆனால் நாம் பின்னர்ச் சேர்த்த மென்பொருள்கள் நீங்கும். தமிழ் எழுதுவோர்க்கு இது சிறிய செய்தியன்று. யுனிகோடு பரவுவதற்கு முன் நம்மவர் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தெரியும். கோப்பு இருந்தும் எழுத்து இராது. எனவே எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே பத்திரப்படுத்துக.

கடவுச்சொல் வாசலுக்கு வருவோம். நம் தந்தையாரின் கடவுச்சொல்லை எவரும் அறியோம். ஏதோ ஒன்றைத் தட்டினோம். தவறென்று கூறி, அதன் கீழே அவர் எழுதிவைத்திருந்த குறிப்பைக் காட்டியது. 'பழைய வீடு' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. தெருவின் பெயர், ஊரின் பெயர், அண்டை வீட்டார் பெயர் எல்லாம் முயன்றோம். நம் தமக்கையார் தொலைபேசியில், "அப்பா எதையும் எண்ணாகத்தான் நினைவு வைப்பார்" என்றார். கதவு எண்ணும் அஞ்சல் எண்ணும் சேர்த்து, வலப்புற எண்பலகையில் தட்டினோம். அதுவும் தவறென்றது. கைவிட்டு எழும்போதுதான் விசைப்பலகையில் 'நம்லாக்' விளக்கு எரியவில்லை என்பது கண்ணில் பட்டது. எண்கள் உள்ளே போகவேயில்லை! விளக்கை ஏற்றி மீண்டும் தட்டினோம், கதவு திறந்தது.

இதனைச் சொல்வது நம் கதைக்காக அன்று. சரியான கடவுச்சொல் தவறாகத் தோன்றுவதற்கு இத்தகைய சிறு காரணங்களே மிகுதி. 'கேப்ஸ்லாக்' எரிந்தால் சிறிய எழுத்து பெரிதாகும். தமிழ் விசைப்பலகை அமைப்புச் சேர்த்துள்ள யந்திரத்தில், வாசல் திரையின் மூலையில் மொழிக் குறி ஒன்று இருக்கும். அது ஆங்கிலத்தில் இல்லாவிட்டால், நாம் தட்டும் எழுத்தொன்று, யந்திரம் பெறும் எழுத்தொன்று. பழைய விசைப்பலகையில் ஒரு விசை செத்திருந்தால், புள்ளிகள் ஒன்று குறைவதை எண்ணிப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். திரையிலேயே விசைப்பலகையை வரவழைத்துச் சுட்டியால் தட்டவும் இயலும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைபவர், கைப்பேசியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, இணையத்தோடு இணையாத பழைய கணிப்பொறியில் புதியதைத் தட்டினால் அது ஏற்காது. அதற்குத் தெரிந்தது பழைய சொல்லே.

சில வேளை கடவுச்சொல் ஏற்கப்பட்டு உள்ளே போனபின், மேசைத்திரை வெறிச்சோடிக் கிடக்கும். படங்கள் இரா, கோப்புகள் இரா. அஞ்சற்க. நம் பயனர் விவரக்கோப்பு படிக்கப்படாமையால், விண்டோஸ் தற்காலிகமான ஓர் அறையில் நம்மை உட்கார வைத்திருக்கிறது. பழைய பொருள்கள் பெரும்பாலும் சி டிரைவில் 'யூசர்ஸ்' என்னும் உறையில் நம் பெயரின்கீழ் அப்படியே இருக்கும். ஒருமுறை இருமுறை மீண்டும் தொடக்கினாலே சரியாவதுண்டு. அந்தத் தற்காலிக அறையில் மட்டும் எதையும் எழுதிச் சேமித்தலாகாது. வெளியேறியதும் அது துடைக்கப்படும்.

கடவுச்சொல்லை வலிந்து நீக்கித் தரும் கருவிகளைக் கடைகளில் வைத்திருப்பர். மறைகுறியாக்கப்பட்ட கோப்புகள் இருப்பின், அவ்வாறு நீக்கியபின் அவற்றைத் திறக்கவே இயலாமற் போகும். 'பிட்லாக்கர்' என்னும் பூட்டு உள்ள யந்திரம், பயாஸில் ஏதேனும் மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் எங்கும் கிடைக்காவிட்டால் எவராலும் திறக்க முடியாது. இன்னும் கொடியது ஒன்று. உதவி தேடி இணையத்தில் காணும் தொலைபேசி எண்ணை அழைப்பதும், "உங்கள் கணிப்பொறி பூட்டப்பட்டது, இவ்வெண்ணை அழையுங்கள்" என்று திரையில் வரும் எண்ணை அழைப்பதும். மறுமுனையில் இருப்பவர் யந்திரத்தைத் தொலைவிலிருந்தே தம் கைக்குள் கொண்டுவந்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவர். அவ்வாறு பணம் போயிற்றென்றால், நாழிகை போக்காமல் 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுக. அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.

விண்டோஸ் எவ்வாற்றானும் எழவில்லை. ஆனால் டிஸ்க் நலமாயிருக்கிறது. அப்போது என் செய்வது? வேறொரு கணிப்பொறியின் உதவியால் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் இயக்க அமைப்பை ஏற்றி, அதைக்கொண்டு யந்திரத்தைத் தொடக்கலாம். உபுண்டு என்பதும், நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்பதும் இவ்வகையின. தொடங்கும்போது நிறுவுவதா, நிறுவாமல் பயன்படுத்திப் பார்ப்பதா என்று கேட்கும், பின்னதையே தேர்க. அப்போது அது டிஸ்கில் எதையும் எழுதாது. மறைகுறியாக்கம் இல்லாத டிஸ்காயின், நம் உறைகள் அங்கே தெரியும்; வெளி டிஸ்க் ஒன்றை இணைத்து நகலெடுத்துக்கொள்ளலாம். டிஸ்கையே கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பானின் வழியே மற்றொரு கணிப்பொறியில் செருகி நகலெடுப்பதும் உண்டு. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதுவே: "முதலில் நகல் எடுத்துத் தாருங்கள்; மற்றது பிறகு." இதற்கு மறுப்பவர் கடையில் பெட்டியை வைத்துவிட்டு வருதல் தகாது. நகல் கைக்கு வந்தபின் அவர் அழித்தாலும் நமக்கு நட்டமில்லை.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014ஆம் ஆண்டிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. இத்தகைய யந்திரம் மீண்டும் எழுந்தாலும் அதில் வங்கி வேலை பார்த்தல் வேண்டா. இணையத்திலிருந்து விலக்கி, எழுதவும் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

நம் தந்தையாரின் கணிப்பொறியில் தேடிய நிலத்தாள் கிடைத்தது. அத்தோடு, தம் இளமைக் காலத்தைப் பற்றி அவர் எழுதத் தொடங்கி நாற்பது பக்கத்தளவில் நிறுத்திவிட்ட ஒரு கட்டுரையும் இருந்தது. அவர் அதனை எழுதியதே எவர்க்கும் தெரியாது. பழைய எழுத்துருவில் இருந்ததை யுனிகோடுக்கு மாற்றி இரண்டு நகல்கள் எடுத்தோம். ஒன்று தமக்கையார் வீட்டில் இருக்கிறது.